கணக்கு சரி, பத்திரம் எங்கே?



இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், தேயிலை மலையில் நின்று பேசுவதற்குக் கொஞ்சம் தள்ளியிருப்பதாகத் தோன்றலாம். அறிவியல் கணக்குகளைச் செய்யும் நிரல்களை எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்துங்கள், திருத்துங்கள், பிறருக்கும் கொடுங்கள் என்று பொதுவில் வைப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அப்படி ஒரு நிரலகத்தைப் பொதுக் களஞ்சியம் ஒன்று ஏற்றுக்கொள்வதற்கு முன் என்னென்ன கேட்கிறது, ஏன் கேட்கிறது என்பதுதான் இன்றைய பொருள். இதெல்லாம் வக்கீல் வேலை என்று ஒதுக்குபவர்கள் உண்டு. வெறும் அலுவலகத் தொல்லை என்று அலுத்துக்கொள்பவர்களும் உண்டு. நான் இரண்டு பேருக்கும் எதிர்க்கட்சி. அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முடியாத நிரல், எவ்வளவு திறமையாக எழுதப்பட்டிருந்தாலும் பொதுச்சொத்து ஆகாது. இதை இந்த அவையில் நிலைநாட்ட விரும்புகிறேன்.

முதலில் இந்தக் கேமரன் மலைக்கும் கணக்குக்கும் என்ன உறவு என்று சொல்லிவிடுகிறேன். 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டு நிலத்தைக் கண்டு குறித்து வைத்தார். 1929இல் ஜான் ஆர்ச்சிபால்ட் ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். காட்டைத் திருத்திச் சரிவுகளில் செடி நட்டுக் கொழுந்து கிள்ளியவர்களில் நம் பாட்டன் பாட்டிமார் இருந்தார்கள். இன்று கொழுந்து எடுப்பவர்களில் பலர் வங்கதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்தவர்கள். அந்த முதல் தலைமுறையின் பேரப்பிள்ளைகளோ பல்கலைக்கழகங்களில் பொறியியலும் கணிதமும் படிக்கிறார்கள். அவர்களை முன்னிறுத்தியே பேசுகிறேன்.

இது சரிவும் மழையும் சேர்ந்த நாடு. ரிங்லெட்டில் 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்த்தேக்கத்தில் மேட்டிலிருந்து அடித்துவரப்படும் மண் ஆண்டுதோறும் படிகிறது. 2013 அக்டோபர் 23 அன்று அந்த அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளமும் சேறும் புகுந்து உயிர்கள் போயின. இங்கே இருக்கும் பலருக்கு அது செய்தித்தாளில் படித்த சங்கதி அல்ல. ஒரு சரிவிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு மண் போகும் என்று மதிப்பிட வழி இருக்கிறது. அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த விஷ்மையரும் ஸ்மித்தும் உருவாக்கிய மண்ணரிப்புச் சமன்பாடு உலகெங்கும் பயன்படுகிறது. மழையின் அரிக்கும் திறன், மண்ணின் தன்மை, சரிவின் நீளம், சரிவின் செங்குத்து, நிலத்தை மூடியிருக்கும் செடி, மண்ணைக் காக்க நாம் செய்யும் ஏற்பாடு ஆகியவற்றை அது பெருக்கிப் பார்க்கிறது. முற்றி அடர்ந்த தேயிலைப் புதர் மண்ணைப் பிடித்து வைக்கும். புதிதாக வெட்டித் திறந்துவிட்ட சரிவு பிடிக்காது. இந்த வேறுபாட்டை எண்ணாக்கிக் காட்டுவதுதான் அந்தச் சமன்பாட்டின் வேலை.

சமன்பாடு ஒரு வரிதான். ஆனால் அதை ஒரு முழு மலைக்கும் போட்டுப் பார்க்கக் கணினி வேண்டும். இடைவெளியுள்ள மழை அளவுகளை நிரப்ப வேண்டும், வளைகோடு பொருத்த வேண்டும், தொகையீடு செய்ய வேண்டும், நூற்றுக்கணக்கான சமன்பாடுகளை ஒருசேரத் தீர்க்க வேண்டும். இவற்றை ஒவ்வொருவரும் முதலிலிருந்து எழுதிக்கொண்டிருந்தால் வாழ்நாள் போதாது. அதனால் ஒருவர் எழுதிச் சோதித்து வைத்த சிறு நிரல்களை மற்றவர்கள் அழைத்துப் பயன்படுத்துகிறார்கள். அப்படி அழைத்துக்கொள்வதற்காகவே கட்டிவைத்த தொகுப்பைத்தான் நிரலகம் என்கிறோம்.

இந்தப் பகிர்வு இணையம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1985இல் ஜாக் டொங்காராவும் எரிக் குரோசும் நெட்லிப் என்ற சேவையை அமைத்தார்கள். மின்னஞ்சலில் ஒரு வரி கேட்டு எழுதினால் வேண்டிய கணித நிரல் பதிலாக வந்து சேரும். மனிதர் தலையிட வேண்டியதே இல்லை. லின்பேக், ஐஸ்பேக் போன்ற புகழ்பெற்ற தொகுப்புகள் அப்படிப் பரவின. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேட்டவர்களுக்குப் பல சமயம் முழுத் தொகுப்பு தேவைப்படவில்லை. ஒரே ஒரு நிரலைக் கேட்டு வாங்கினார்கள். அது கேட்டவரின் கணினியிலிருந்து அவருடைய மாணவரின் கணினிக்குப் போனது, அங்கிருந்து இன்னொரு நாட்டுக்குப் போனது. கூட்டத்தை விட்டுத் தனியே பயணம் செய்வது அறிவியல் நிரலின் பிறவிக் குணம். இந்தக் குணத்தை நினைவில் வைத்துக்கொண்டால், பின்னால் நான் சொல்லப் போகும் கண்டிப்புகள் எல்லாம் நியாயமாகப் படும்.

அடுத்த ஆண்டு, 1986இல், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக அச்சகம் நியூமெரிக்கல் ரெசிபீஸ் என்ற புத்தகத்தை வெளியிட்டது. பிரெஸ், டியூகோல்ஸ்கி, ஃபிளானரி, வெட்டர்லிங் நால்வர் எழுதியது. இயற்பியல் படித்த ஒரு தலைமுறையே அதைப் பார்த்துத்தான் கணினிக் கணக்கு கற்றது. முறையையும் விளக்கி, கீழேயே நிரலையும் அச்சிட்டிருப்பார்கள். அருமையான நடை, நல்ல புத்தகம். ஆனால் புத்தகத்தை வாங்கியவர் நிரலைத் தம் சொந்தப் பயனுக்குத் தட்டச்சு செய்துகொள்ளலாமே தவிர, அந்த மூல நிரலைப் பிறருக்குப் பரப்ப அனுமதி இல்லை. எத்தனையோ ஆய்வகங்களில் இது யாருக்கும் உறைக்கவில்லை. அந்த வரிகள் ஆயிரக்கணக்கான ஆய்வு நிரல்களுக்குள் கலந்துபோயின. பிறகு யாராவது தம் வேலையைப் பொதுவில் வைக்க நினைத்தபோதுதான், உள்ளே ஒரு பகுதி தம்முடையது இல்லை என்பது தெரியவந்தது.

1996இல் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த மார்க் கலாசியும் ஜேம்ஸ் தெய்லரும் குனு அறிவியல் நிரலகத்தைத் தொடங்கியதன் பின்னணி இதுதான். அப்போது கிடைத்த நிரல்களில் நல்லவை பலவும் பழைய ஃபோர்ட்ரானில் இருந்தன. விலைக்கு விற்கப்பட்டவற்றைத் திறந்து பார்க்க முடியாது. புத்தகத்தில் அச்சானதைப் பரப்ப முடியாது. ஆகவே முழுவதையும் சி மொழியில் புதிதாக எழுதுவது என்று முடிவெடுத்தார்கள். பிரையன் காஃப் போன்றோர் சேர்ந்து பல்லாண்டு உழைத்தார்கள். முதல் முழுப் பதிப்பு 2001இல் வந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட சார்புகள் இன்று அதில் இருக்கின்றன.

அவர்கள் எப்படி எழுதினார்கள் என்பது நம் மாணவர்களுக்கு முக்கியம். கணித முறைக்குப் பதிப்புரிமை கிடையாது. ரூங்கேயும் குட்டாவும் கண்ட முறை எல்லோருக்கும் சொந்தம். அந்த முறையை ஒருவர் நிரலாக எழுதிய எழுத்துக்குத்தான் பதிப்புரிமை. ஆகவே மூல ஆய்வுக் கட்டுரைகளுக்குத் திரும்பிப் போய், முறையைப் படித்துக்கொண்டு, சொந்தமாக எழுத எந்தத் தடையும் இல்லை. தொகையீட்டுக்கு மட்டும் அவர்கள் குவாட்பேக் என்ற பழைய தொகுப்பை ஆதாரமாகக் கொண்டார்கள். அது பொதுவுடைமையாக வெளியானது என்பதால் அதைச் சி மொழியில் மறுபடி எழுதுவதற்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்ற இந்த எச்சரிக்கைதான் அந்த நிரலகத்துக்கு இத்தனை ஆண்டு ஆயுளைக் கொடுத்தது என்று நான் நம்புகிறேன்.

குனு அறிவியல் நிரலகம் இன்று சவன்னா என்ற களஞ்சியத்தில் இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் ஆதரவில் நடக்கும் களஞ்சியம் அது. குனு திட்டத்தைச் சேர்ந்தவற்றுக்கும் சேராதவற்றுக்கும் இடம் தரும். ஆனால் யாரும் கணக்குத் திறந்து உடனே ஏற்றிவிட முடியாது. தன்னார்வலர்கள் விண்ணப்பத்தைப் படித்து, நிரல் பொதியைப் பிரித்து, கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகுதான் ஏற்பார்கள். குறை இருந்தால் எழுதிக் கேட்பார்கள். திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும். இதற்குப் பொறுமை வேண்டும்.

அவர்கள் என்ன பார்க்கிறார்கள்? இந்த மலையில் பிறந்து பல்கலைக்கழகம் போன ஒரு மாணவியை எண்ணிக்கொள்வோம். மண்ணரிப்பைக் கணக்கிட ஒரு நிரலகம் எழுதியிருக்கிறாள். கணக்கு சரியாக வருகிறது, ஆசிரியரும் மெச்சிவிட்டார். அதைச் சவன்னாவுக்கு அனுப்புகிறாள்.

வருகிற முதல் கேள்வியே கோப்புகளின் தலையைப் பற்றியது. பொதியின் வாசலில் உரிமத்தின் முழு வாசகத்தை வைத்திருப்பாள். அது வேண்டியதுதான், ஆனால் அது போதாது. ஒவ்வொரு நிரல் கோப்பின் உச்சியிலும் எழுதியவர் பெயர், ஆண்டு, எந்த உரிமத்தின்கீழ் இது கிடைக்கிறது என்ற குறிப்பு மூன்றும் இருக்க வேண்டும். நாற்பது கோப்புகள் இருந்தால் நாற்பதிலும். ஒரே வாசகத்தை எதற்கு இத்தனை முறை என்று தோன்றும். நெட்லிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். நாளை யாரோ ஒருவர் சரிவின் நீளத்தைக் கணக்கிடும் ஒரு கோப்பை மட்டும் உருவிக்கொண்டு போவார். உரிமம் வாசலில் மட்டும் ஒட்டியிருந்தால், வெளியே போன கோப்பு பெயரும் ஊரும் தெரியாத அநாதை ஆகிவிடும். அதைக் கையில் வைத்திருப்பவருக்கு அதைப் பயன்படுத்த உரிமை இருக்கிறதா என்று சொல்ல எவரும் இருக்க மாட்டார்.

இதைத் தமிழர்களுக்கு நான் விளக்கத் தேவையே இல்லை. சுவிட்சர்லாந்தின் லோசானில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கியபோது இதே ஒழுங்கைத்தான் கடைப்பிடித்தார். அந்தத் திட்டத்தின் மின்னூல் ஒவ்வொன்றின் முகப்பிலும் தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் இருக்கும். இந்த முகப்பை மாற்றாமல் கோப்பைத் தாராளமாகப் பரப்பலாம் என்ற அனுமதியும் இருக்கும். சங்க நூல்கள் இன்று ஆயிரம் இடங்களில் உலவுகின்றன. அந்தப் படிகளில் முகப்போடு இருப்பவற்றின் வரலாறு நமக்குத் தெரியும், முகப்பு அறுந்துபோனவற்றை யார் தட்டினார், எந்தப் பதிப்பிலிருந்து எடுத்தார் என்று எவருக்கும் தெரியாது. ஓர் அறிவியலாளர் தமிழ் நூல்களுக்குச் செய்த அந்த ஏற்பாட்டை நம் அறிவியல் நிரல்களுக்கு நாம் செய்யாமலிருப்பது வருத்தமானது.

மாணவியின் கதைக்குத் திரும்புவோம். அவளுடைய கோப்பு ஒன்றில் சமவாய்ப்பு எண்களை உண்டாக்கும் ஒரு நிரல் இருக்கிறது. மாறிகளின் பெயர்களைப் பார்த்ததுமே பரிசோதிப்பவருக்கு அது எந்தப் புத்தகத்திலிருந்து வந்தது என்று புரிந்துவிடும். அந்தக் கோப்பு வெளியே போக வேண்டும், அதன் இடத்தில் குனு அறிவியல் நிரலகத்தின் சார்பை அழைத்துக்கொள்ளலாம். இன்னொரு கோப்பு ஒரு சஞ்சிகையோடு வெளியான நிரல். வணிகம் அல்லாத பயனுக்கு மட்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. கேட்பதற்கு நல்லெண்ணமாகத்தான் தெரியும். ஆனால் யார் யார் அதைத் தொட முடியாது என்று எண்ணிப் பாருங்கள். தோட்ட நிர்வாகம் தொட முடியாது. சாலை போடும் ஒப்பந்ததாரரின் பொறியாளர் தொட முடியாது. நாலு ஏக்கரில் தக்காளி போடும் பண்ணைக்காரரும் விற்பதற்குத்தானே போடுகிறார்? சரிவைக் காக்க வேண்டிய கைகள் எல்லாவற்றையும் அந்த ஒரு வரி கட்டிப்போடுகிறது. 1997இல் டெபியன் என்ற இயங்குதளத் திட்டத்தார் வகுத்த கட்டற்ற மென்பொருள் நெறிகள், எந்தத் தொழிலில் இருப்பவரையும் விலக்கக் கூடாது என்று சொல்வதன் பொருள் இதுதான். அந்தக் கோப்பும் வெளியே.

அடுத்தது, நிரலகம் ஓடுவதற்கு என்ன தேவை என்ற கேள்வி. பல்கலைக்கழகத்தில் மேட்லேப் என்ற கணக்கீட்டு மென்பொருள் இருக்கிறது, அவள் சில பகுதிகளை அதில் எழுதிவிட்டாள். உரிமக் கட்டணம் கட்டி வாங்க வேண்டிய, திறந்து பார்க்க முடியாத ஒன்றின்மேல் மட்டும் நிற்கும் நிரலகத்தைச் சவன்னா ஏற்பதில்லை. அதே நிரல் மேட்லேப்புக்குக் கட்டற்ற மாற்றான குனு ஆக்டேவிலும் ஓடும்படி செய்தால் ஏற்கும். ஆக்டேவை ஜான் ஈட்டன் 1992இல் முழுநேரமாக எழுதத் தொடங்கினார். வேதிப் பொறியியல் மாணவர்களுக்கான ஒரு பாடநூலுக்குத் துணையாக அது பிறந்தது. இந்தக் கண்டிப்பை நான் முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். கேமரன் மலையிலிருந்து கோலாலம்பூருக்குப் படிக்கப் போன பிள்ளை, பட்டம் வாங்கித் திரும்பிய மறுநாள் பல்கலைக்கழகத்தின் மேட்லேப் அவளுக்கு மூடிவிடும். தான் எழுதிய நிரலைத் தானே ஓட்ட முடியாத நிலை வரும். அது அவளுக்கே பயன்படாதபோது தம்பி தங்கைகளுக்கு எப்படிப் பயன்படும்?

இந்தியாவில் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா முன்னின்று நடத்திய ஃபாஸ்ஸி திட்டத்தில், பொறியியல் பாடநூல்களில் வரும் எடுத்துக்காட்டுக் கணக்குகளை மாணவர்களே சைலேப் என்ற கணக்கீட்டு மென்பொருளுக்கான நிரல்களாக எழுதினார்கள். சைலேப்பும் தொடக்கத்தில் முழுமையாகக் கட்டற்றதாக இருக்கவில்லை. 2008இல் ஐந்தாம் பதிப்போடு அதன் உரிமம் மாறிய பிறகே கதவு திறந்தது. அதே நிறுவனத்தின் ஸ்போக்கன் டுடோரியல் பாடங்கள் தமிழிலும் கிடைக்கின்றன. இங்குள்ள ஆசிரியர்கள் அவற்றைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கையேடு, படங்கள், தரவு எல்லாவற்றுக்கும் இதே விசாரணைதான். கையேட்டையும் பிறர் திருத்தவும் பரப்பவும் அனுமதி தேவை. ஓர் அலுவலகத்திடம் கேட்டு வாங்கிய மழையளவுக் கோப்பு உள்ளே இருந்தால், அது அவளுடைய ஆய்வுக்குத் தரப்பட்டதே ஒழிய ஊருக்குத் தர அல்ல. அதை எடுத்துவிட்டு, தானே உருவாக்கிய மாதிரி எண்களை வைக்க வேண்டும். குனு பொது உரிமத்தைத் தேர்ந்தால், மூன்றாம் பதிப்பு என்று மட்டும் எழுதாமல், அல்லது அதற்குப் பிந்தைய எந்தப் பதிப்பும் என்று சேர்க்கச் சொல்வார்கள். நாளை உரிமத்தின் புதிய பதிப்பு வந்தால் இரண்டு நிரலகங்களை ஒன்றுசேர்க்க முடியாமல் போய்விடக் கூடாது என்பதற்காக.

இத்தனையும் செய்து முடிக்கும்போது அவள் சோர்ந்துபோவாள் என்பது எனக்குத் தெரியும். கிட்ஹப்பில் ஒரு நிமிடத்தில் ஏற்றிவிடலாமே என்று நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான், 2008 முதல் அங்கே யாரும் எதையும் ஏற்றலாம், வாசலில் யாரும் கேள்வி கேட்பதில்லை. கேள்வி கேட்கவில்லை என்பதற்காகப் பதில் தேவையில்லை என்று ஆகிவிடாது. பதிப்புரிமை தானாகவே பிறக்கிறது. மலேசியாவின் 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி கணினி நிரலும் ஓர் இலக்கியப் படைப்பு. எழுதிய கணத்திலேயே அதற்குப் பாதுகாப்பு வந்துவிடுகிறது. உரிமம் எழுதப்படாத நிரலை ஊரே பார்க்கலாம், ஆனால் சட்டப்படி எடுத்துத் திருத்திப் பரப்ப முடியாது.

லயத்து வீட்டில் மூன்று தலைமுறை வாழ்ந்த குடும்பங்கள் இந்த அவையில் இருக்கின்றன. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது நாம், வாசலில் முருங்கை நட்டது நாம். வேலை முடிந்த அன்றைக்கு அந்த வீட்டின்மேல் நமக்கு என்ன உரிமை இருந்தது? பத்திரம் நம் பெயரில் இல்லை. துரை நல்லவராக இருந்தவரை இருந்தோம், தோட்டம் கைமாறியபோது வெளியேறினோம். உரிமம் இல்லாத நிரலைப் பயன்படுத்துபவரின் நிலை அதுதான். எழுதியவர் நல்லவர், கேட்டால் சரி என்பார் என்று நம்பி அதன்மேல் தன் ஆய்வைக் கட்டுகிறார். எழுதியவர் இறந்துபோகலாம், வேலை மாறலாம், அவருடைய நிறுவனம் கைமாறலாம். அப்போது காட்டுவதற்குக் கையில் ஒரு தாள் வேண்டும். சவன்னாவின் தன்னார்வலர்கள் அந்தத் தாளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்பது தங்களுக்காக இல்லை, பின்னால் வரப்போகும், முகம் தெரியாத பயனாளிக்காக.

இன்னொரு கேள்வி இதைவிடக் கடினமானது. இந்த நிரலைக் கொடுக்க உனக்கு உரிமை இருக்கிறதா? மலேசியச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, வேலையின் பகுதியாக ஊழியர் உருவாக்கிய படைப்பின் பதிப்புரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால் முதலாளிக்குப் போகும் என்கிறது. ஆய்வு உதவியாளராகச் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதிய நிரல் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமாக இருக்கலாம். தோட்டத்து அலுவலகத்தில் வேலை செய்துகொண்டே எழுதியது தோட்டத்துக்குச் சொந்தமாக இருக்கலாம். மாணவராக மட்டும் இருந்து எழுதியதற்கு அந்தந்தப் பல்கலைக்கழக விதிகளைப் பார்க்க வேண்டும். இதைத் தொடக்கத்திலேயே துறைத்தலைவரிடம் கேட்டு எழுத்தில் வாங்கிவிட்டால் ஒரு கடிதத்தோடு முடியும். ஐந்து ஆண்டு கழித்துக் கேட்டால், கையெழுத்துப் போட வேண்டியவர் ஓய்வு பெற்றிருப்பார்.

இப்படி உரிமை சிக்கிக்கொண்டால் என்ன ஆகும் என்று தமிழ் உலகம் அறியும். பாரதியார் 1921இல் மறைந்த பிறகு அவருடைய பாடல்களின் உரிமை பல கைகளில் சிதறிக் கிடந்தது. இசைத்தட்டு உரிமை ஒரு பக்கம், நூல் உரிமை வேறு பக்கம். 1949இல் சென்னை மாகாண அரசு அவருடைய படைப்புகளின் உரிமையைப் பெற்றது, பின்னர் அவை மக்களுக்குப் பொதுவாயின. மகாகவிக்காக ஓர் அரசே முன்வந்தது. நம் பிள்ளைகளின் மண்ணரிப்பு நிரலுக்காக எந்த அரசும் முன்வரப் போவதில்லை. அதை எழுதியவர்தான், எழுதிய நாளிலேயே, ஒரு வரியில் செய்துவிட வேண்டும்.

அந்த ஒரு வரி என்ன செய்யும் என்பதற்கு ஆர் மொழியைவிட நல்ல சான்று கிடையாது. நியூசிலாந்தின் ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ராஸ் இகாகாவும் ராபர்ட் ஜென்டில்மேனும் தங்கள் மாணவர்களுக்குப் புள்ளியியல் கற்பிக்க எழுதிய சிறு கருவி அது. 1993இல் அதன் படிகளைப் பொதுவில் வைத்தார்கள். ஆனால் மூல நிரலைக் கட்டற்ற உரிமத்தில் கொடுக்கும் எண்ணம் முதலில் உறுதியாக இருக்கவில்லை. சூரிச்சிலிருந்து மார்ட்டின் மெக்லர் வற்புறுத்தியதன் பேரில் 1995 ஜூனில் குனு பொது உரிமத்தில் வெளியிட்டார்கள். 1997இல் வியன்னாவில் கர்ட் ஹோர்னிக்கும் ஃபிரிட்ஸ் லைஷும் கிரான் என்ற களஞ்சியத்தைத் தொடங்கினார்கள். அங்கேயும் வாசலில் பரிசோதனை உண்டு. உரிமம் தெளிவாக இருக்க வேண்டும், கொடுத்த எடுத்துக்காட்டுகள் ஓட வேண்டும், சோதனைகள் பிழையின்றி முடிய வேண்டும். இவ்வளவு கண்டிப்புக்கும் நடுவே இன்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பொதிகள் அங்கே இருக்கின்றன. கண்டிப்பு கூட்டத்தை விரட்டிவிடும் என்பவர்களுக்கு இதுவே பதில். தவிர, ஆக்லாந்து எந்தப் பெரிய அறிவியல் தலைநகரமும் இல்லை என்பதை இங்குள்ள இளைஞர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நம்மவர்களும் இந்த வழியில் நடந்திருக்கிறார்கள். முத்து அண்ணாமலை எழுதிய எழில் நிரல்மொழி குனு பொது உரிமத்தில் கிடைக்கிறது. அவரும் நண்பர்களும் சேர்ந்து வளர்த்த ஓப்பன் தமிழ் நிரலகம் எம்.ஐ.டி. உரிமத்தில், பைத்தான் பொதிகளின் பொதுக் களஞ்சியத்தில் இருக்கிறது. தமிழ்ச் சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரிப்பது, பழைய குறியாக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றுவது, எண்ணைத் தமிழ்ச் சொற்களாக எழுதுவது முதலிய அன்றாட வேலைகளை அது செய்கிறது. ஒரு கட்டளையில் எவரும் இறக்கிக்கொள்ளலாம், தங்கள் செயலியில் சேர்க்கலாம், எவருக்கும் கடிதம் எழுதி அனுமதி கேட்டுக் காத்திருக்க வேண்டாம். 2013இல் தமிழ் இணைய மாநாடு மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. தமிழ்க் கணிமையில் மலேசியாவின் பங்கு முரசு அஞ்சல் மென்பொருளின் காலத்திலிருந்தே பெரியது. தமிழ் எழுத்துக்காக இவ்வளவு செய்த நாம் அறிவியல் கணக்குக்காக இன்னும் போதிய அளவு செய்யவில்லை என்பது என் கருத்து.

களஞ்சியங்களும் சாசுவதமல்ல என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிடோரியஸ் 2015இல் மூடப்பட்டது. கூகுள் கோட் 2016இல் மூடப்பட்டது. சவன்னாவைப் போலவே கவனமாக நடத்தப்பட்ட பிரெஞ்சுக் களஞ்சியமான க்னா 2017இல் மூடப்பட்டது. அங்கே இருந்த திட்டங்கள் தப்பிப் பிழைக்கக் காரணம், யார் வேண்டுமானாலும் படியெடுத்து வேறிடத்தில் வைக்க உரிமம் அனுமதித்ததுதான். 2016இல் பிரான்சில் தொடங்கிய சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் உலகின் மூல நிரல்களையெல்லாம் திரட்டிக் காக்க முயல்கிறது. அதற்கும் தெளிவான உரிமம் உள்ள நிரலைக் காப்பதும் பிறருக்குத் தருவதும் எளிது.

ஓர் எச்சரிக்கை. சவன்னா ஏற்றுக்கொண்டதாலேயே கணக்கு சரி என்று ஆகாது. அவர்கள் உரிமையைப் பார்க்கிறார்கள், தொகையீட்டின் ஏழாவது தசம இடத்தைப் பார்ப்பதில்லை. 1960களில் ஐ.பி.எம். கணினிகளோடு வந்த ரேண்டு என்ற சமவாய்ப்பு எண் நிரல் உலகமெங்கும் பயன்பட்டது. அது தரும் எண்களை மூன்று மூன்றாக எடுத்து வெளியில் புள்ளி வைத்தால் அத்தனையும் பதினைந்து தளங்களில் மட்டுமே விழும். எங்கும் பரவி விழ வேண்டிய புள்ளிகள் அவை. அதை நம்பிச் செய்த கணக்குகளின் கதி என்ன? ஆகவே விடை தெரிந்த கணக்குகளைச் சோதனையாக நிரலகத்தோடு சேர்த்தே வைக்க வேண்டும். 2016இல் தொடங்கிய ஜர்னல் ஆஃப் ஓப்பன் சோர்ஸ் சாஃப்ட்வேர் என்ற சஞ்சிகை ஆய்வு மென்பொருள்களை ஏற்பதற்கு முன், உரிமம், கையேடு, சோதனை, நிறுவும் வழி எல்லாவற்றையும் சக ஆய்வாளர்களைக் கொண்டு பார்க்க வைக்கிறது. களஞ்சியம் உரிமையைக் காக்கும், சக ஆய்வாளர்கள் சரியைக் காப்பார்கள். பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வாழும் மக்களின் பாதுகாப்பைத் தொடும் கணக்குக்கு இரண்டும் வேண்டும்.

மாணவர்களே, உங்களிடம் ஏற்கெனவே எழுதி முடித்த நிரல்கள் இருக்கின்றன. ஆண்டிறுதித் திட்டத்துக்காக எழுதியவை, போட்டிக்காக எழுதியவை, மடிக்கணினியில் கிடந்து தூங்குபவை. இந்த வாரம் அவற்றைத் திறவுங்கள். பிறரிடமிருந்து எடுத்த பகுதி எது என்று பிரித்துப் பாருங்கள். அனுமதி இல்லாததை நீக்கி, முறையைப் படித்து நீங்களே எழுதுங்கள். ஒவ்வொரு கோப்பின் தலையிலும் உங்கள் பெயரையும் ஆண்டையும் உரிமத்தையும் எழுதுங்கள். மேற்பார்வையாளரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். கையேட்டை மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதும்போது தமிழிலும் ஒரு பக்கம் எழுதுங்கள். பிறகு சவன்னாவுக்கு விண்ணப்பியுங்கள். அவர்கள் குறை சொன்னால் திருத்தி மறுபடி அனுப்புங்கள். இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையாருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டு முதல் இந்த மலையைச் சேர்ந்த மாணவர் ஒருவரின் அறிவியல் நிரலகம் பொதுக் களஞ்சியத்தில் ஏற்கப்பட்டால், அவருக்கு இந்த மேடையில் பரிசு கொடுங்கள். பரிசு பெறுபவர் இங்கே நின்று தம் நிரலகத்தைத் தமிழில் விளக்கட்டும்.